செடிகளின் மூலப்பத்திரம்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத வைத்தியம். 1988இல் அது 'லான்செட்' மருத்துவ இதழில் இடம்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அந்த வைரஸை நாள்பட உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகம் நிமிர்ந்து பார்த்தது. தாய்லாந்து உள்ளிட்ட வேறு நாடுகளில் இதையே செய்துபார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை.

அந்தக் கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதற்கு ஓராண்டு முன்பு புளும்பெர்க் குழு வெளியிட்ட ஆய்வுக்கூடக் கட்டுரையில் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. செடி மாறவில்லை, முதலில் நிரூரி என்று எழுதியதும் அமாரஸைத்தான் என்று பிறகு திருத்திக்கொண்டார்கள். இந்தச் சிறு திருத்தத்துக்குப் பின்னால் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் கதை இருக்கிறது.

நிரூரி என்ற பெயரை 1753இல் வெளியிட்டவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராக இருந்த கிளைன், இங்கே கண்ட கீழாநெல்லி வகை ஒன்றை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெர்லினில் இருந்த தாவரவியலாளர் வில்டெனோவ் 1805இல் அதை டெபிலிஸ் என்ற தனிச் சிற்றினமாக வெளியிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் சேகரித்த செடியைக் கொண்டு ஷூமாக்கரும் தோன்னிங்கும் 1827இல் அமாரஸ் என்ற பெயரைத் தந்தார்கள். பிறகு 1880களில், லண்டனை அடுத்த கியூ தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் 'பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள்' என்ற ஏழு தொகுதி நூலின் அந்தப் பகுதியை எழுதும்போது, இந்தியாவின் கீழாநெல்லிகளையெல்லாம் நிரூரி என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்கிவிட்டார். ஹூக்கர் சொன்னால் சொன்னதுதான் என்றிருந்த காலம். அடுத்த நூறு ஆண்டுகள் இந்தியாவில் கீழாநெல்லியைத் தொட்ட தாவரவியலாளர், வேதியியலாளர், மருத்துவர் எல்லோரும் நிரூரி என்றே எழுதினார்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று 1950களில் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் காட்டினார். இந்திய நூல்கள் நிரூரி என்று சொல்வது அமாரஸ், டெபிலிஸ், ஃபிரட்டெர்னஸ் என்ற மூன்று வெவ்வேறு செடிகளின் கலவை என்று 1985இல் மித்ராவும் ஜெயினும் நிறுவினார்கள். லான்செட் கட்டுரைக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு.

ஆய்வுகள் ஒத்துப்போகாததற்குப் பெயர்க் குழப்பம்தான் காரணம் என்று தீர்ப்பளித்துவிட முடியாது. மருந்தின் அளவு, பறித்த பருவம், நோயாளிகளின் நிலை, ஆய்வில் சேர்ந்தவர்களின் சிறிய எண்ணிக்கை என்று பலவும் உண்டு. பின்வந்த தொகுப்பாய்வுகள் கீழாநெல்லியின் பலனை உறுதிப்படுத்தவும் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். 1980களின் மருந்தியல் ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையில் எழுதிய இரண்டு சொல்லுக்குள், அவருக்கே தெரியாமல், சுவீடனில் ஒருவரும் பெர்லினில் ஒருவரும் கியூவில் ஒருவரும் எடுத்த முடிவுகள் உட்கார்ந்திருந்தன. இன்றைய அறிவு தன் வரலாற்றின் மேல் நிற்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். தாவரப் பெயரிடல் என்ற நடைமுறையில் அந்த வரலாறு வெறும் பின்னணியாக இல்லை, சட்டமாகவே அமலில் இருக்கிறது. அதனால்தான் இந்த நடைமுறையை எடைபோடுவது முக்கியம் என்று கருதுகிறேன். அதன் பலமும் பழுதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அது எதையும் மறப்பதில்லை; ஆனால் எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதை மிகக் குறுகலாக முடிவு செய்திருக்கிறது.

லின்னேயஸுக்கு முன்பு ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் ஒரு செடியை லத்தீனில் ஒரு நீண்ட தொடரால் குறித்தார்கள். இலை இப்படி, தண்டு அப்படி, பூ இன்னபடி என்று போகும் அந்தத் தொடர் பெயராகவும் விளக்கமாகவும் இருந்தது. புதிதாக ஒரு செடி கிடைத்துவிட்டால் பழைய தொடரை நீட்ட வேண்டும். 1753இல் வந்த 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு லின்னேயஸும் இத்தகைய தொடர்களையே தந்தார். ஆனால் பக்க ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுஞ்சொல்லையும் சேர்த்தார். பேரினப் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால் செடியைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். அவ்வளவே அவருடைய நோக்கம். ஓரத்தில் இருந்தது நிலைத்தது. நடுப்பக்கத்தில் இருந்த தொடர் செத்துவிட்டது.

அந்த நூலின் ஆண்டையே எல்லைக்கல்லாக நட்டார்கள். 1753க்கு முன்பு வைத்த பெயர் எதுவும் கணக்கில் வராது. அதற்குப் பின் ஒரே செடிக்குப் பல பெயர்கள் வந்திருந்தால் முதலில் முறைப்படி அச்சேறியதே செல்லும். இந்த முன்னுரிமை விதியோடு, 20ஆம் நூற்றாண்டில் இன்னொரு விதியும் சேர்ந்தது: ஒவ்வொரு பெயரும் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட உலர்ந்த செடியோடு, அல்லது ஒரு படத்தோடு, நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதை வகை மாதிரி என்கிறார்கள். 1958இலிருந்து, வகை மாதிரியைக் குறிப்பிடாமல் வெளியிடும் புதிய சிற்றினப் பெயர் செல்லாது. நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ அப்படித்தான் இது: பெயர் யாருடையது என்று தகராறு வந்தால், பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதன் பலம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. லின்னேயஸின் தாவரவியல் கொள்கைகளில் இன்று உயிரோடு இருப்பவை மிகக் குறைவு. மகரந்தத் தாள்களை எண்ணியும் அளந்தும் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். அந்த முறை அடுத்த நூற்றாண்டிலேயே காலாவதியானது. சிற்றினங்கள் கடவுள் படைத்தபடி இருப்பவை என்று நம்பினார். 1859இல் டார்வின் அதைத் தகர்த்தார். பின்பு மரபியல் வந்தது, டிஎன்ஏ வரிசை வந்தது, பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தையே 1998 முதல் ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு திரும்ப எழுதியது. இவ்வளவு புயலிலும் பெயர்கள் தொடர்ந்தன. காரணம், பெயரைக் கட்டியிருப்பது ஒரு வரையறையோடோ கொள்கையோடோ இல்லை; ஒரு காகிதத் தாளில் ஒட்டிய செடியோடு. சிற்றினம் என்றால் என்ன என்பதில் இரண்டு பேர் முரண்படலாம். இந்தத் தாளில் இருக்கும் செடி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தப் பெயர் என்பதில் முரண்பட இடமில்லை.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் இலக்கியமே சாட்சி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். உலகின் பழைய இலக்கியங்களில் இப்படியொரு பட்டியல் அபூர்வம். காந்தளைப் பற்றி நமக்கு ஐயமில்லை. அதுவே இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். ஞாழல் எது? உரையாசிரியர்கள் ஒன்று சொல்கிறார்கள், நிகண்டுகள் இன்னொன்று சொல்கின்றன, தாவரவியல் படித்தவர்கள் வேறொன்றைக் காட்டுகிறார்கள். 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' எழுதிய பி. எல். சாமி போன்றவர்கள் பாட்டின் வருணனை, மரத்தின் வாழிடம், மலையாளத்திலும் பிற மொழிகளிலும் எஞ்சியிருக்கும் பெயர்கள் என்று எல்லாவற்றையும் கோத்துப் பார்த்து அரிய வேலை செய்தார்கள். இருந்தும் பட்டியலில் சில பூக்கள் இன்னும் ஊகமாகவே நிற்கின்றன. கபிலர் பார்த்ததை நாமும் பார்க்கிறோமா என்று சோதிக்க எதுவும் மிஞ்சவில்லை. சித்த மருத்துவத்தில் இது வெறும் இலக்கிய இழப்போடு முடியாது. வெள்ளைக் கரிசாலையும் மஞ்சள் கரிசாலையும் பேச்சில் ஒரே கரிசலாங்கண்ணிதான்; தாவரவியலில் இரண்டும் வேறு வேறு பேரினங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் நாட்டில், கடையில் வாங்கும் வேர் எந்தச் செடியின் வேர் என்று கேட்கும் நோயாளிக்கு மூலப்பத்திரம் உள்ள பெயர்தான் பதில் சொல்லும்.

கிளைன் கதைக்குத் திரும்பினால் இந்தப் பலம் இன்னும் துலங்கும். ஹூக்கர் அடக்கிவைத்த டெபிலிஸ், நூறாண்டு கழித்துத் திரும்ப எழ முடிந்தது எப்படி? தரங்கம்பாடியிலிருந்து போன செடிகள் வில்டெனோவின் தொகுப்பில் இருந்தன. 1943 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின், அதாவது உலர்செடிக் காப்பகத்தின், பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. வில்டெனோவின் தொகுப்பு தப்பியது. ஹூக்கரைப் போன்ற ஒரு மலை சொன்னதை, யாரும் அறியாத ஒரு மிஷன் மருத்துவர் உலர்த்தி அனுப்பிய சிறு செடியை முன்வைத்து மறுக்கலாம். அதிகாரத்தைச் சான்றால் வெல்வதற்கு வழி வைத்திருக்கும் நடைமுறையை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி பழுதுகள். முதலாவது, லின்னேயஸ் காலத்திலிருந்தே கூட வந்தது. பெயரின் முதல் பாதி பேரினம். அதாவது ஒரு செடியைப் பெயர் சொல்லி அழைப்பதும், அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதும் ஒரே செயலாகிவிட்டன. கொள்கையிலிருந்து பெயர் தப்பியது என்று மேலே சொன்னது பின்பாதிக்கு மட்டும்தான் முழு உண்மை. முன்பாதி ஒவ்வொரு வகைப்பாட்டு மாற்றத்திலும் அடிபடுகிறது. ஆவாரை காசியா அரிகுலேட்டாவாக இருந்து சென்னா அரிகுலேட்டா ஆனது இப்படித்தான். கருவேலத்துக்கு நடந்ததோ இதைவிடப் பெரிய வழக்கு.

கருவேலத்தை லின்னேயஸ் மிமோசா நிலோட்டிக்கா என்றார். பிறகு அது அகேசியாவுக்கு மாறியது. இருநூறு ஆண்டுக் காட்டியல், வேளாண்மை, மருத்துவ நூல்களில் கருவேலம் என்றால் அகேசியா நிலோட்டிக்கா. அகேசியா என்ற பேரினம் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் பரந்து 1,300க்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு பெருத்திருந்தது. அது உண்மையில் ஒரே குடும்பக் கிளை கிடையாது, உடைத்தாக வேண்டும் என்று ஆய்வுகள் காட்டின. உடைத்தால் அகேசியா என்ற பெயர் எந்தத் துண்டுக்குப் போகும்? விதி தெளிவு: வகை மாதிரி எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்கு. அந்த மாதிரி நம் கருவேலத்தின் சிற்றினத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்களுக்கும் புதுப் பெயர் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் வேறு வழி கேட்டார்கள். பெயரின் வகை மாதிரியையே மாற்றி, ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்தோடு கட்டிவிடலாம். மிகப் பெரிய கூட்டத்துக்குப் பெயர் மாறாமல் இருக்கும் என்பது வாதம். விதிவிலக்காக இப்படிச் செய்ய இடமுண்டு. 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேலானோர், ஏறத்தாழ 55 விழுக்காட்டினர், மாற்றத்தை எதிர்த்தார்கள். ஆனால் பெயரிடல் குழு பரிந்துரைத்ததைத் தள்ளுபடி செய்ய 60 விழுக்காடு வேண்டும் என்று நடைமுறை வைத்திருந்தார்கள். பெரும்பான்மை எதிர்த்த முடிவு நிறைவேறியது. ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களின் மனக்கசப்பு 2011இல் மெல்போர்ன் மாநாடு வரை நீடித்தது. அங்கும் அதே முடிவு உறுதியானது. ஆப்பிரிக்கப் புல்வெளியின் அடையாளமான முள்மரமும், நம் கண்மாய்க்கரைக் கருவேலமும் அகேசியா என்ற பெயரை இழந்தன.

இழந்த இடத்தில் வந்த பெயர் வாச்செல்லியா. கதை இங்கே திரும்பவும் தமிழ்நாட்டைத் தொடுகிறது. அந்தப் பேரினப் பெயரை 1834இல் வெளியிட்டவர்கள், மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்து செடி சேகரித்த ராபர்ட் வைட்டும், ஸ்காட்லாந்தில் இருந்த அவருடைய கூட்டாளி ஆர்னாட்டும். சீனாவில் கம்பெனியின் பாதிரியாராக இருந்த வாச்செல் என்பவர் செடிகள் சேகரித்தவர். அவர் நினைவாக, கஸ்தூரி வேலத்துக்கு வைத்த பெயர் அது. யாரும் புழங்காமல் கிடந்தது. அகேசியா பறிபோனதும், முன்னுரிமை விதி பழைய பதிவேடுகளைப் புரட்டி இதை வெளியே எடுத்தது. இன்று கருவேலம், வெள்வேலம், ராமநாதபுரத்துக் குடைவேலம் எல்லாம் வாச்செல்லியா. கருங்காலியோ செனகலின் பெயரைத் தாங்கிய செனகாலியா.

இதில் எனக்கு ஆட்சேபம் பாதிரியாரின் பெயர் வந்ததில் இல்லை. விதிமுறைகளின்படி பெயர் ஓர் அடையாளச் சீட்டு. அது செடியைப் பற்றி எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சேபம் முறையில். வரலாற்றை மதிக்கிறோம், முதலில் வந்ததே செல்லும் என்று எல்லோரிடமும் கறாராக நடக்கும் சட்டம், செல்வாக்குள்ளவர்கள் கேட்டபோது மூலப்பத்திரத்தையே மாற்றி எழுத இடம் கொடுத்தது. ஆயிரம் பெயர்களை மாற்றுவதைவிடச் சில நூறு பெயர்களை மாற்றுவது எளிது என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிற்றினங்களின் எண்ணிக்கையை எண்ணியவர்கள், அந்த மரங்களோடு வாழும் மக்களின் எண்ணிக்கையை எண்ணவில்லை. சகாராவுக்குத் தெற்கே தொடங்கி இந்தியா வரை, கருவேலத்தை விறகுக்கும் வேலிக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் பல்துலக்கும் குச்சிக்கும் நம்பி வாழ்வோர் தொகை அந்தக் கணக்கில் ஒரு பத்தியாகக்கூட வரவில்லை.

சீமைக் கருவேலத்தின் பெயர் மாற்றத்தில் இப்படிப்பட்ட குறை இல்லை. புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று நீதிமன்ற ஆணைகள் வரை ஏறிவிட்ட அந்தப் பெயர், 2022இல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆனது. அமெரிக்கக் கண்டத்தில் உள்ள அந்தக் கூட்டம் தனிக் கிளை, நம் வன்னிமரம் வேறு கிளை என்பது ஆய்வின் முடிவு. புரோசோபிஸ் என்ற பெயர் வன்னியிடமே நின்றது. நெல்டுமாவும் 1838இல் வெளியாகி உறங்கிக் கிடந்த பெயர்தான். நம் மண்ணை ஆக்கிரமித்த மரத்தையும், கோயில்களில் தலமரமாக நிற்கும் மரத்தையும் ஒரே பேரினமாகச் சொல்லிவந்தோம், இனி வேண்டியதில்லை. மாற்றம் சிரமம் தந்தாலும் அறிவு கூடியிருக்கிறது. அதே வன்னியின் பின்பாதிப் பெயர் ஸ்பிசிகெராவிலிருந்து சினேரேரியா ஆனதில் அப்படி எந்த அறிவும் கூடவில்லை. லின்னேயஸே 1753இல் ஒரு பெயரும் 1767இல் இன்னொரு பெயரும் வைத்திருந்தார், முந்தியது வென்றது, அவ்வளவுதான். பழைய நூல்களைத் தேடும் மாணவருக்கு மட்டும் வேலை இரட்டிப்பானது.

இந்த நடைமுறையின் ஆழமான பழுது வேறிடத்தில் இருக்கிறது. 1753 என்ற எல்லைக்கல்லை ஊன்றியபோதே, அதற்கு முன்னும் வெளியிலும் சேர்ந்திருந்த அறிவு பெயரளவில் இல்லாமல் போனது. கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதன் உயிர்நாடி இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். தம் குடும்பத்து ஓலைச்சுவடிகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் செடிகளைச் சொன்னவர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உடனிருந்தார்கள். அவர்களுடைய பெயர்களையும் சாட்சிக் கடிதங்களையும் வான் ரீட் நூலிலேயே அச்சிட்டார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். மலபாரைப் பார்த்திராத லின்னேயஸ் இந்த நூலை வைத்துக்கொண்டுதான் பல இந்தியத் தாவரங்களுக்குப் பெயர் வைத்தார். அப்படி வைத்த பெயர்கள் பலவற்றுக்கு வான் ரீட் நூலின் படமே இன்று வகை மாதிரி. ஆக, இட்டி அச்சுதன் கைகாட்டிய செடி இன்றும் சட்டப்படி அந்தப் பெயர்களைத் தாங்குகிறது. பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் சுருக்கத்திலோ லின்னேயஸ் மட்டுமே இருக்கிறார். காலனி அறிவியல் உள்ளூர் அறிவை அழித்துவிட்டது என்று ஒரே வீச்சில் சொல்பவர்களோடு இதனால்தான் என்னால் முழுக்க உடன்பட முடியவில்லை. அழிக்கவில்லை, அடித்தளத்தில் வைத்துக் கட்டிவிட்டு, கல்வெட்டில் பெயரை விட்டுவிட்டது.

ராபர்ட் வைட்டின் 'ஐகோன்ஸ்' நூலில் 2,101 படங்கள் உள்ளன. பெரும்பாலானவை ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களின் கையிலிருந்து பிறந்தவை. தாவரவியல் ஓவியத்தில் அவர்களுடைய கோட்டுக்கு இணை சொல்வது கடினம். வைட் நன்றியுள்ளவர், ஓர் ஆர்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயா என்று பெயர் வைத்தார். அந்தச் செடி டிராப்பிடியா என்று தாவரவியலாளர் லிண்ட்லி முன்பே பெயர் வைத்திருந்த பேரினத்துக்குள் அடங்குவது என்று பிறகு தெரியவந்தது. முன்னுரிமை விதி தன் வேலையைச் செய்தது. கோவிந்து இன்று இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரி. யாரும் அநியாயம் செய்யவில்லை, விதி சரியாகவே இயங்கியது. அதனாலேயே இது எனக்கு வலிக்கிறது.

மூலப்பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. லின்னேயஸின் சொந்தத் தொகுப்பை 1784இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் வாங்கி லண்டனுக்குக் கொண்டுபோனார். வைட்டின் செடிகள் கியூவிலும் எடின்பரோவிலும் இருக்கின்றன. தமிழ் அகராதியும் தொகுத்த தரங்கம்பாடி மிஷனரி ராட்லரின் செடிகளும் ஐரோப்பா சேர்ந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியம் பெரிய சொத்து என்றாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் புல் ஒன்றைச் சந்தேகமறத் தீர்மானிக்க நம் ஆய்வாளர் ஐரோப்பாவுக்கு எழுத வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலுக்காகச் செடிகளைக் கியூவுக்குச் சுமந்துபோய் ஒப்பிட்டார். இன்று வகை மாதிரிகளின் படங்கள் இணையத்தில் கிடைப்பது உண்மையான விடுதலை. ஆனாலும் பூவின் உட்பகுதியைப் பிரித்துப் பார்க்கவும் டிஎன்ஏ எடுக்கவும் படம் போதாது.

நம் தரப்புக் குறையையும் சொல்லியாக வேண்டும். 1862இலிருந்து 1883 வரை எழுதப்பட்ட பெந்தம்–ஹூக்கர் வகைப்பாடு நம் கல்லூரிகளில் இன்றும் முதன்மையாக நடத்தப்படுகிறது. நம் ஹெர்பேரியங்களின் அலமாரிகள் அந்த வரிசையில் இருப்பதும், பழைய தாவர நூல்கள் அந்த வரிசையில் இருப்பதும் அதற்குக் காரணம். நடைமுறைக்கு வசதி என்பதில் தவறில்லை. டார்வினின் கொள்கைக்கு இடம் கொடுக்காமல் கட்டிய அமைப்பு அது என்பதையும், ஏன் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் மாணவர்களிடம் சொல்வதில்லை என்பதே தவறு. வரலாறு இல்லாமல் கற்ற வகைப்பாடு அவர்களுக்கு இயற்கை விதியாகத் தெரிகிறது. நிரூரி நூறு ஆண்டு நீடித்ததும் இந்தப் பழக்கத்தால்தான். சித்த மருந்துப் பொட்டலங்களில் அந்தப் பெயரை இன்னும் பார்க்கலாம். மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில், பயன்படுத்திய செடியின் மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று குறிப்பிடாதவை இன்னும் ஏராளம். மாதிரி இருந்தால் பெயர் தவறாக இருந்தாலும் ஆய்வைக் காப்பாற்றலாம். மாதிரி இல்லாவிட்டால் பெயர் மாறிய அன்றே ஆய்வும் அநாதை.

விதிகள் மாறாதவை என்ற எண்ணமும் வேண்டாம். புதிய தாவரத்துக்கான விளக்கம் லத்தீனில் இருக்க வேண்டும் என்பது 1935இலிருந்து 2011 முடியும் வரை கட்டாயம். பிறகு ஆங்கிலமும் போதும் என்றானது. 2024இல் மாட்ரிட் மாநாடு அதுவரை எடுக்காத ஒரு முடிவை எடுத்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லிலிருந்து பிறந்த கஃப்ரா என்ற பின்பாதி, 200க்கும் மேற்பட்ட தாவர, பூஞ்சை, பாசிப் பெயர்களில் இருந்தது. அவை அனைத்தும் ஆப்பிரிக்காவைக் குறிக்கும் அஃப்ரா ஆகும் என்று 351 பேர் ஆதரவாகவும் 205 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்களின் கவலை புரியாததில்லை: ஒன்றை மாற்றினால் அடிமை வணிகர், காலனி ஆட்சியர் பெயரிலிருக்கும் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு எல்லை எங்கே? என் பார்வையில் இரண்டும் வேறு. ஒருவர் பெயரால் அமைந்த செடிப்பெயர் வரலாற்றுப் பதிவு. அதைப் படித்து விமர்சிக்கலாம். வசைச்சொல், அந்தச் செடி வளரும் நிலத்து மாணவி வகுப்பில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டிய ஒன்று. ஓர் எழுத்தை நீக்கி, மாதிரியையும் ஆண்டையும் ஆசிரியரையும் அப்படியே வைத்துக்கொண்ட மாட்ரிட் வழி, வரலாற்றைத் துடைக்காமல் காயத்தை மட்டும் அகற்றியது. அகேசியாவில் செய்ததைவிட இது நேர்மையான திருத்தம்.

இந்த முடிவுகளை எடுப்பவர்கள் யார் என்பதில்தான் இன்னும் பெரிய வேலை பாக்கி. மாநாட்டின் பெயரிடல் அமர்வுக்கு நேரில் வருபவருக்கு ஒரு வாக்கு. அதோடு ஹெர்பேரியங்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை நிறுவன வாக்குகள் உண்டு. அவற்றையும் யாராவது நேரில் கொண்டுவர வேண்டும். ஒருவர் கையில் 15 வாக்குகள் வரை இருக்கலாம். விமானச் செலவும் விசாவும் உள்ளவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு இது. அடுத்த மாநாடு 2029இல் கேப்டவுனில். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனமும், கோயம்புத்தூர், திருச்சி உள்ளிட்ட ஊர்களில் ஹெர்பேரியம் வைத்திருக்கும் நிறுவனங்களும் தங்கள் வாக்குகளோடு அங்கே ஆள் அனுப்ப இப்போதே திட்டமிட வேண்டும். கொண்டுபோக வேண்டிய கோரிக்கைகளும் உண்டு: ஒன்று, நேரில் வர இயலாதவர்களுக்கு வாக்கு; இரண்டு, வகை மாதிரித் தரவில் செடியைக் காட்டிய உள்ளூர் மனிதரின் பெயருக்கும் அவர் சொன்ன செடிப்பெயருக்கும் கட்டாயமான ஓர் இடம். இரண்டாவதற்கு மாநாட்டின் அனுமதிகூடத் தேவையில்லை. கொல்லிமலையிலோ சிறுமலையிலோ அடுத்து ஒரு செடியைப் பறித்துத் தாளில் ஒட்டும் ஆய்வாளர், சேகரித்தவர் பெயருக்குக் கீழே அந்த வரியைத் தமிழிலேயே எழுதத் தொடங்கலாம்.